எழுபது சொற்கள்

என் அக்கா மகனுக்குக் கால்பந்து என்றால் உயிர். போன ஞாயிற்றுக்கிழமை வெளிர்நீலச் சட்டையோடு வந்து நின்றான். உருகுவே அணியின் சட்டையாம். 1950ஆம் ஆண்டு மரக்கானா மைதானத்தில், சொந்த மண்ணில் ஆடிய பிரேசிலை அவர்கள் 2-1 என்று சாய்த்த கதையை, பக்கத்தில் நின்று பார்த்தவன் மாதிரி சொன்னான். கடைசியில், "அதுக்குப் பேருதான் மாமா, கர்ரா சர்ருவா" என்றான்.

"கர்ரான்னா?"

"நகம். பருந்து நகம் மாதிரி. புடிச்சா விடமாட்டாங்க."

"சர்ருவான்னா?"

"உருகுவேக்காரங்களத்தான் அப்படிச் சொல்றாங்க."

உட்காருப்பா, டீ கொதிக்கட்டும் என்றேன். இது ஒரு டீயில் முடிகிற விஷயமில்லை.

இன்றைய உருகுவே மக்கள் பேசுவது ஸ்பானிஷ். பெரும்பாலோரின் முன்னோர் ஸ்பெயினிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள். சர்ருவா என்பது அவர்கள் வருவதற்கு முன்பே அங்கே இருந்த ஒரு பழங்குடியின் பெயர், அவர்கள் பேசிய மொழிக்கும் அதுதான் பெயர். அந்த மொழி தனியாக இருக்கவில்லை. சனா என்று ஒன்று, குவெனோவா என்று ஒன்று, இவையும் அதன் உடன்பிறப்புகள். குவெனோவா பேசியவர்களை மினுவான் என்றும் சொல்வார்கள். இந்தச் சின்னக் குடும்பத்துக்கு மொழியியலாளர்கள் வைத்த பெயர் சர்ருவா மொழிக்குடும்பம். உருகுவே ஆற்றின் இரு கரையிலும், அதாவது இன்றைய உருகுவே நாட்டிலும், எதிர்க்கரையில் அர்ஜென்டினாவின் எந்த்ரே ரியோஸ் மாகாணத்திலும், வடக்கே பிரேசிலின் தெற்கு ஓரத்திலும் பேசப்பட்டது. இன்று அந்தக் குடும்பத்தில் ஒரு மொழிகூட உயிரோடு இல்லை.

"அழிஞ்சு போச்சுன்னா, அப்புறம் குடும்பம்னு எப்படித் தெரியும்?" என்றான். நல்ல கேள்வி. டீயை இறக்கிவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

முதலில் கையில் என்ன சரக்கு இருக்கிறது என்று பார்ப்போம். சர்ருவா மொழியில் நமக்குத் தெரிந்தவை ஏறத்தாழ எழுபது சொற்கள். எழுபது. கடைக்குக் கொடுத்தனுப்பும் மாதச் சாமான் சீட்டில்கூட அதைவிட அதிகச் சொற்கள் இருக்கும். அந்த எழுபதும் பெரும்பாலும் ஒரே ஆளின் ஏட்டிலிருந்து வந்தவை. தியோடோரோ விலார்தெபோ என்ற மருத்துவர், மொன்டெவிடியோ நகரத்துக்காரர். 1841, 42 வாக்கில் பழங்குடிகளைப் பற்றிக் குறிப்பெடுத்தபோது இரண்டு பேரைக் கேட்டு எழுதிவைத்தார். ஒருவர் பெனித்தோ சில்வா என்ற சிப்பாய். சர்ருவா ஆள் இல்லை. கொஞ்ச காலம் அவர்களோடு கூடாரத்தில் வாழ்ந்தவர். இன்னொருவர் ஒரு சர்ருவாப் பெண். மானுவேல் ஆரியாஸ் என்பவர் வீட்டில் வேலைக்காரி. ஏட்டில் இருப்பது வீட்டுக்காரர் பெயர்தான்.

ஒரு மொழியைப் பற்றி உலகத்துக்கு இருக்கும் அறிவில் பாதி, பெயர்கூட எழுதப்படாத ஒரு வேலைக்காரப் பெண் சொன்னது. அவளிடம் கேட்டவர் மொழி படித்தவரும் இல்லை, வைத்தியர். தன் காதில் விழுந்ததை ஸ்பானிஷ் எழுத்தில் எழுதிக்கொண்டார். இதில் எவ்வளவு நழுவும் என்பதைத் தமிழ் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான்கு என்பதற்கு அந்த ஏட்டில் உள்ள சொல்லை நான் 'பெதும்' என்று எழுதுகிறேன். முதல் எழுத்து 'பஸ்'ஸில் வரும் ப-வா, 'பல்'லில் வரும் ப-வா? என் எழுத்தைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது. ('பஸ்'தான்.) ஸ்பானிஷ் எழுத்துக்கு இல்லாத சர்ருவா ஒலிகள் எத்தனை அந்த வைத்தியரின் பேனாவில் இப்படிக் கரைந்தனவோ.

சரி, இருப்பதை வைத்துக் கணக்குப் போடுவோம். எண்கள் முழுசாகக் கிடைத்திருக்கின்றன. ஒன்று, யூ. இரண்டு, சாம். மூன்று, தெதீ. நான்கு, பெதும். இப்போது ஐந்தைப் பாருங்கள்: பெதும் யூ. ஆறு, பெதும் சாம். ஏழு, பெதும் தெதீ.

"நாலும் ஒண்ணும் அஞ்சு, நாலும் ரெண்டும் ஆறு!" என்று அவனே சொல்லிவிட்டான்.

அதேதான். நம் கணக்கு கைவிரல் பத்தில் நிற்கிறது; அவர்கள் நான்கில் ஒரு படி வைத்து ஏறியிருக்கிறார்கள். எட்டு என்பது பெதும் அர்தசாம். அதன் வாலில் இரண்டுக்கான சாம் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், இரு நான்கு என்று எண்ணத் தோன்றுகிறது. ஒன்பதில் அந்த ஒழுங்கு உடைகிறது: பாகியூ. பத்து, குவாரோஹ். உடம்பு உறுப்புகளின் பட்டியலில் கை என்பதற்குக் குவார் என்று இருக்கிறது. பத்துக்கும் கைக்கும் முடிச்சுப் போட யாருக்குத்தான் ஆசை வராது? எழுபது சொற்கள் மட்டும் இருக்கும் இடத்தில் அந்த ஆசையைத்தான் அடக்க வேண்டியிருக்கிறது. இரண்டு சொற்கள் தற்செயலாக ஒத்துப்போகலாம். சரிபார்க்க மூன்றாவது சொல் கிடையாது.

ஓர் இடத்தில் மட்டும் தைரியமாகச் சொல்லலாம். அவர்களின் வேட்டைக் கருவி, கல்லைத் தோலில் சுற்றி வாரில் கோத்து, சுழற்றி எறிவது. ஓடுகிற பறவையின் காலில் போய்ச் சுற்றிக்கொள்ளும். ஸ்பானிஷில் அதன் பெயர் போலியதோரா. இரண்டு கல் கட்டியதும் உண்டு, மூன்று கல் கட்டியதும் உண்டு. ஏட்டில் ஒன்று லைசாம், மற்றது லைதெதீ. சாம் இரண்டு, தெதீ மூன்று. அப்படியானால் எண் பின்னால் வருகிறது. நாம் 'மூன்று கல்' என்போம். அவர்கள் 'கல் மூன்று' என்றிருக்கிறார்கள். ஓர் இலக்கண விதி கிடைத்துவிட்டது பாருங்கள், இரண்டே சொற்களிலிருந்து. எனக்கு இந்தப் பட்டியலில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

இப்போது அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இவை ஒரு குடும்பம் என்று எப்படித் தெரியும்?

நமக்கு மூன்று, மலையாளத்தில் மூன்னு, கன்னடத்தில் மூரு, தெலுங்கில் மூடு. கடன் வாங்கியிருந்தால் காபி, பஸ் போன்ற புதுச்சரக்கு ஒத்துப்போகும்; மூன்றும் கண்ணும் காலும் ஒத்துப்போனால் அது ரத்த சம்பந்தம். அதே சோதனையைத்தான் அங்கேயும் செய்தார்கள். சர்ருவாவில் மூன்று தெதீ. சனாவில் தெதித். குவெனோவாவில் தெதித். சர்ருவாவில் இரண்டு சாம், சனாவில் உசான். சர்ருவாவில் ஒன்று யூ, குவெனோவாவில் யூத். கடைசி மெய்யெழுத்தைச் சர்ருவா உதிர்த்திருக்கிறது போல. அல்லது வைத்தியர் காதில் விழவில்லையோ என்னவோ. அந்த சந்தேகத்தையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்.

குவெனோவாவில் இரண்டு என்ன என்று கேட்காதீர்கள். அந்த மொழியில் நம் கைக்கு வந்தது ஒரு சின்ன ஞானோபதேசத் துண்டு மட்டும். 1767இல் ஸ்பெயின் அரசன் ஏசு சபைப் பாதிரிமாரைத் தன் நாடுகள் எல்லாவற்றிலிருந்தும் துரத்திவிட்டான். தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்ட பலர் இத்தாலியில் போய் ஒண்டினார்கள். அதே சபையைச் சேர்ந்த லொரென்சோ எர்வாஸ் என்ற அறிஞர், அந்த முதிய பாதிரிமாரிடமிருந்து மொழி மொழியாகத் திரட்டி 1787இல் ஒரு நூல் போட்டார். அதில் குவெனோவாவில் சில கேள்வி பதில்கள். கடவுள் எத்தனை, ஒன்று. ஆட்கள் எத்தனை, மூன்று. திரித்துவப் பாடத்தில் இரண்டுக்கு வேலை இல்லை. அதனால் ஒன்றும் மூன்றும் பிழைத்தன, இரண்டு போய்விட்டது. ஒரு மொழியில் எது மிஞ்சும் என்பதைக் கேட்டவருக்கு என்ன தேவைப்பட்டது என்பதே முடிவு செய்திருக்கிறது.

சனா கொஞ்சம் அதிர்ஷ்டக்கார மொழி. 1815இல் தாமாசோ அந்தோனியோ லர்ரஞாகா என்ற பாதிரியார், செடிகொடி பறவைகளை ஆராய்ந்தவர், பின்னாளில் உருகுவேயின் தேசிய நூலகத்தைத் திறந்துவைத்தவர், மொன்டெவிடியோவிலிருந்து பைசாந்து நகருக்குப் பயணம் போனார். புரட்சித் தலைவர் அர்த்திகாஸைப் பார்க்கத்தான் அந்தப் பயணம். வழியில் சொரியானோ என்ற பழைய ஊரில், சனா தெரிந்த முதியவர்கள் சிலர் இன்னும் இருப்பதைக் கேள்விப்பட்டு, உட்கார்ந்து எழுதிக்கொண்டார். சொற்களோடு கொஞ்சம் இலக்கணமும். ஊரில் மற்றவர்கள் அதற்குள் மொழியை விட்டிருந்தார்கள். அரசியல் வேலையாகப் போன மனிதர் வழியில் நின்றதால் நமக்கு ஒரு மொழியின் இலக்கணம் கிடைத்தது.

"ஏன் மாமா, பாதிரிமாருங்க முன்னூறு வருஷமா அங்கதானே இருந்தாங்க? அவங்க எழுதலையா?"

எழுதினார்கள், குவாரனியை. இந்த வட்டாரத்தின் பெரிய மொழி அது. அகராதியும் இலக்கணமும் 1640க்கு முன்பின்னாகவே அச்சேறிவிட்டன. ஊழியத்துக்கு ஒரே மொழி போதும் என்று, வேறு மொழி பேசியவர்களையும் குவாரனியில் வேதம் படிக்க வைத்தார்கள். விளைவைப் பாருங்கள். பராகுவேயில் இன்று குவாரனி லட்சக்கணக்கானவர்களின் வீட்டுமொழி, 1992 அரசியல் சட்டப்படி ஆட்சிமொழியும்கூட. அதே ஆற்றுப் படுகையில், பக்கத்து வீடு மாதிரி இருந்த சர்ருவாக் குடும்பத்துக்கு எழுபது சொற்களும் ஒரு ஞானோபதேசத் துண்டும் லர்ரஞாகாவின் குறிப்புகளும். உருகுவே என்ற பெயரே குவாரனிச் சொல்.

டீ தீர்ந்தது. இரண்டாவது டம்ளர் ஊற்றினேன். உருகுவேக்காரர்கள் இந்த நேரத்துக்கு மாத்தே குடிப்பார்கள். சுரைக்குடுவையில் இலைத்தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலில் உறிஞ்சுவது. கக்கத்தில் பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டே தெருவில் நடப்பார்கள். அந்த வழக்கமும் குவாரனி மக்களிடமிருந்து வந்தது.

மொழி எப்படிச் செத்தது என்று இன்னும் சொல்லவில்லை. அதுவாகச் சாகவில்லை.

சர்ருவாக்கள் வேட்டையாடி, இடம் மாறி மாறி வாழ்ந்தவர்கள். ஸ்பானியர் கொண்டுவந்த குதிரையைப் பிடித்துப் பழக்கி, அவர்களைவிட நன்றாக ஏறினார்கள். விடுதலைப் போரில் பலர் அர்த்திகாஸின் படையில் ஈட்டி பிடித்தார்கள். நாடு விடுதலை அடைந்தது, 1830இல் அரசியல் சட்டமும் வந்தது. பண்ணைக்காரர்களுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும்; நிலத்தில் வேலியில்லாமல் திரியும் சர்ருவா வேண்டாம். முதல் ஜனாதிபதி ஃப்ருக்துவோசோ ரிவேரா, அவர்களுக்குப் பழக்கமான தளபதி. 1831 ஏப்ரல் 11 அன்று ஓர் ஓடைக்கரைக்குச் சர்ருவாத் தலைவர்களைக் கூட்டம் என்று அழைத்தார். நம்பி வந்தவர்களைப் படை சூழ்ந்தது. அரசு சொன்ன கணக்கு: செத்தவர்கள் 40, பிடிபட்டவர்கள் 300. அந்த ஓடையின் பெயர் சல்சிபுவேதெஸ். ஸ்பானிஷில் பிரித்துப் படித்தால், 'முடிந்தால் தப்பித்துப் போ'. பெயர் முன்பே இருந்தது, அன்றைக்கு வைத்ததில்லை.

சாவை விடவும் மொழியைக் கொன்றது அடுத்த காரியம். பிடிபட்ட பெண்களையும் குழந்தைகளையும் மொன்டெவிடியோவுக்கு நடத்திக்கொண்டுபோய், வீட்டுக்கு ஓர் ஆளாக வேலைக்குப் பங்கிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் ஒரே ஒரு சர்ருவாக்காரி. அடுப்படியில் அவள் யாரோடு பேசுவாள்? தாலாட்டக் குழந்தை இருந்தாலும் அது எஜமானியின் குழந்தை. பத்தே ஆண்டில் வைத்தியர் ஏட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, ஆரியாஸ் வீட்டுப் பெண் ஒருத்தியைத்தான் அவரால் கேட்க முடிந்தது.

இன்னும் நான்கு பேர் வேறு திசையில் போனார்கள். 1833இல் தெ கூரெல் என்ற பிரெஞ்சுக்காரர் மொன்டெவிடியோவிலிருந்து நான்கு சர்ருவாக்களைப் பாரிஸுக்குக் கப்பலில் கொண்டுபோனார். அர்த்திகாஸோடு போரிட்ட தலைவர் வைமாக்கா, மருத்துவர் செனக்கே, குதிரை பழக்கும் இளைஞன் தக்குவாபே, கர்ப்பிணியான குயுனுசா. கட்டணம் வாங்கிக்கொண்டு காட்சிக்கு வைத்தார். விஞ்ஞானிகள் வந்து பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் செனக்கே இறந்தார், செப்டம்பரில் வைமாக்கா. அதே செப்டம்பரில் குயுனுசாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த ஆண்டு லியோன் நகரத்தில் காசநோயில் அவளும் போனாள். தக்குவாபேயும் குழந்தையும் அதற்குப் பிறகு எந்தப் பதிவிலும் இல்லை.

அன்றைய பாரிஸ் உலகத்தின் மொழிகளைப் படிக்கும் அறிஞர்கள் நிறைந்த ஊர். தாய்மொழி சரளமாகப் பேசும் நான்கு பேர் அங்கே மாதக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் இன்று நம்மிடம் உள்ள சொற்களில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததில்லை. வைமாக்காவின் எலும்புக்கூடு மட்டும் பாரிஸ் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்தது. 2002இல் அதை உருகுவேக்குத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது மொன்டெவிடியோவில், நாட்டின் பெரிய மனிதர்களைப் புதைக்கும் இடத்தில் இருக்கிறார். எனக்கு அந்த அறிஞர்கள்மீது இன்றுவரை ஆற்றாமை தீரவில்லை. எலும்பு காத்திருக்கும், வாய் காத்திருக்காது என்பது அவர்களுக்குத் தெரியாததா?

வைத்தியரின் ஏடும் உடனே வெளியே வரவில்லை. விலார்தெபோ 1857இல், மொன்டெவிடியோவை மஞ்சள் காய்ச்சல் வாரிக்கொண்டுபோன ஆண்டில், தானும் அதற்கே பலியானார். அவருடைய சொற்பட்டியல் அச்சில் வந்தது 1937இல்.

"அப்போ இனிமே புதுசா ஒரு சொல்லும் கிடைக்காது," என்றான்.

அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். 2005இல் அர்ஜென்டினாவின் எந்த்ரே ரியோஸில், எழுபதைத் தாண்டிய ஒருவர், பிளாஸ் ஹைமே, தனக்குச் சனா தெரியும் என்றார். லர்ரஞாகா எழுதி நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து! அவர் சொன்ன கதை இது: அவர்கள் குலத்தில் நினைவுகளைக் காப்பது பெண்கள் வேலை, தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அவர் தாய்க்குப் பெண் மக்கள் தங்கவில்லை. அதனால் மகனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். வெளியே சொல்லாதே என்றும் சொல்லிவைத்தாள். இந்தியன் என்று தெரிந்தால் ஊரில் மரியாதை இருக்காது. அவரும் பல பத்தாண்டுகள் யாரிடமும் பேசாமலே வைத்திருந்தார்.

சந்தேகம் வரும், வரத்தான் வேண்டும். லர்ரஞாகாவின் குறிப்புகள் இருபதாம் நூற்றாண்டிலேயே அச்சாகிவிட்டன. படித்து மனப்பாடம் செய்திருக்கலாமே? ஹொசே பெத்ரோ வியேகாஸ் பார்ரோஸ் என்ற மொழியியலாளர் அவரோடு உட்கார்ந்து சொல் சொல்லாகச் சோதித்தார். புத்தகத்தைப் பார்த்து ஒப்பித்தால் சொற்கள் புத்தகத்தில் இருப்பது போலவே இருக்கும். வாய்வழியாக நான்கைந்து தலைமுறை இறங்கி வந்திருந்தால் தேய்ந்திருக்கும், அந்தத் தேய்மானத்தில் ஓர் ஒழுங்கும் இருக்கும். அவர் முடிவு, இது உண்மையான சனாவின் மிச்சம் என்பது. இருவரும் சேர்ந்து அந்த மொழிக்கு ஒரு நூலும் கொண்டுவந்தார்கள்.

அதற்காகச் சனா பிழைத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதியதை நான் ஏற்கவில்லை. பதில் பேச ஆளில்லாமல் பல பத்தாண்டுகள் கிடந்த மொழி, நினைவில் சொற்களாகத்தான் நிற்கும், வாக்கியமாக நிற்பது அரிது. மொழியியலில் இத்தகையவரை அரைப் பேச்சாளர் என்பார்கள். அந்தப் பெயரில் குறை சொல்லும் தொனி இருக்கிறது. ஆனால் அவரைவிட அதிகம் தெரிந்தவர் உலகத்தில் யாரும் இருக்கவில்லை. அவர் தன் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், தாய் சொன்ன முறைப்படியே.

சர்ருவா மொழிக்குடும்பத்தைக் குவாய்குரு போன்ற அண்டை வட்டாரக் குடும்பங்களோடு சேர்த்துப் பெரிய குடும்பமாகக் காட்டச் சிலர் முயன்றிருக்கிறார்கள். இவ்வளவு சின்ன அஸ்திவாரத்தில் அவ்வளவு பெரிய வீடு நிற்குமா என்று எனக்கு ஐயம்.

கடைசியாக ஒன்று. மொழி அழிந்தது என்றால் மக்களும் அழிந்தார்கள் என்று உருகுவேயில் வெகுகாலம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். 1938இல் மொன்டெவிடியோ பூங்காவில், பாரிஸுக்குப் போன அந்த நால்வருக்கும் சிலை வைத்தபோது அதற்கு இட்ட பெயரே 'கடைசிச் சர்ருவாக்கள்'. ஆனால் தாய்வழி மரபணுவைச் சோதித்துப் பார்த்தால், உருகுவே மக்களில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியவர்களின் தாய்வழி, பழங்குடிப் பெண்களிடம் போய் நிற்கிறது. வீட்டு வேலைக்குப் பங்கிட்ட பெண்களுக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள் அல்லவா. தங்களைச் சர்ருவா என்று சொல்லிக்கொள்கிறவர்கள் 2005இல் தங்களுக்கு ஒரு பேரவை அமைத்தார்கள். 2009இல் வந்த சட்டத்தின்படி ஏப்ரல் 11 சர்ருவா தேசத்தின் நாள்.

அவன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். "கமென்டரில இதெல்லாம் ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான் மாமா." தொண்ணூறு நிமிஷத்துக்குள் அவன் என்ன செய்வான் என்றேன். டம்ளரைக் கழுவிவைத்துவிட்டு, "நல்லதா ஒரு சொல் சொல்லுங்க, சர்ருவாவுல" என்றான்.

தண்ணீருக்கு உவே. தீக்கு இட். அண்ணன் தம்பிக்கு இன்சலா. அழகு என்றால் பிலூ. இன்னொன்று, இன்றும் வாயில் புழங்குவது: கிதாய். உருகுவேயில் பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயர் வைக்கிறார்கள். சொற்பட்டியலில் அதற்கு எழுதியிருக்கும் பொருள், நிலா.